கம்ப்யூட்டர் நிற்கும் நேரத்தைக் குறித்து வையுங்கள்!



கோவை மாவட்டம், சோமனூர் பக்கம் ஒரு தறிக்கார ஊரில் வசிக்கும் இல்லத்தரசி நான். வயது 37. பத்தாவது வரை படித்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் 8 விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெசவு செய்கிறார். நான் எங்கள் பட்டறைக்கும், அக்கம்பக்கத்தில் இன்னும் நான்கு பட்டறைகளுக்கும் வாரக் கணக்கு போட்டுக் கொடுக்கிறேன். எந்தத் தறியில் எத்தனை மீட்டர் ஓடியது, யாருக்கு எவ்வளவு கூலி, வாங்கின முன்பணத்தில் பிடித்தது போகக் கையில் எவ்வளவு என்பதையெல்லாம் எக்செல்லில் போட்டு, சனிக்கிழமை சாயங்காலம் பிரிண்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் போனால்தான் அங்கே சம்பளப் பட்டுவாடா. இதில் எனக்கு வருவது பெரிய தொகை இல்லை. ஆனால், பிள்ளைகளின் ஸ்கூல் வேன் கட்டணமும், மாத மளிகையில் பாதியும் இதிலிருந்துதான்.

இந்த வேலைக்காக 2019ல் என் தம்பி எனக்கு ஒரு கம்ப்யூட்டர் செய்து கொடுத்தான். கடையில் முழுசாக வாங்கியதில்லை. கோவைக்குப் போய் மதர்போர்டு, பிராசசர், ராம், ஹார்ட் டிஸ்க், எஸ்.எம்.பி.எஸ்., டப்பா எல்லாம் தனித்தனியாக வாங்கி வந்து, எங்கள் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்து உட்கார்ந்து, ஒரே ஸ்க்ரூ டிரைவரில் மாட்டி முடித்தான். மானிட்டரோடு சேர்த்து ரூ.28,000 ஆச்சு. ஐந்து வருஷம் ஒரு குறையும் சொல்லாமல் உழைத்தது.

போன வருஷம் சித்திரையில்தான் தொல்லை ஆரம்பம். கணக்கு போட்டுக் கொண்டிருக்கும்போதே அப்படியே உறைந்துபோகும். மவுசை ஆட்டினால் அசையாது. சில நாள் தானாகவே அணைந்து, தானாகவே உயிர் வரும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் 3 முறை நின்றுபோய், 11 பேருடைய கூலிக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். வாசலில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் அன்றைக்குச் சந்தைக்குப் போக வேண்டும் அல்லவா? என் அத்தை, "முன்ன மாதிரி நோட்டுலயே எழுதிப் போடு கண்ணு, இந்தப் பொட்டியக் கட்டி அழுவாத" என்று சொல்லிவிட்டார்கள்.

டவுனில் சர்வீஸ் கடை ஒன்றுக்குக் கொண்டு போனோம். விண்டோஸ் புதிதாகப் போட்டு ரூ.800 வாங்கினார்கள். மூன்றாம் நாள் பழையபடியே நின்றது. திரும்பக் கொண்டு போனதற்கு, "போர்டு போயிருச்சுங்க்கா. போர்டு, பிராசசர், ராம் மூணும் மாத்தோணும். பதினாலாயிரம் ஆகும்" என்றார் கடைக்காரர்.

"எதை வெச்சுங்க சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாதுங்க."

எனக்குச் சுருக்கென்றது. தறி நின்றால், நூல் அறுந்ததா, நாடா சிக்கினதா, மோட்டார் சூடேறினதா என்று சத்தத்தை வைத்தே சொல்கிற பெண்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். இது மட்டும் புரியாமல் போகுமா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

தம்பி இப்போது பெங்களூரில் இருக்கிறான். போனில் எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு வேலைதான் சொன்னான்: "அக்கா, அது எப்பெப்ப நிக்குது, எப்படி நிக்குதுன்னு ஒரு நோட்டுல எழுதி வைக்கா. பத்து நாள் கழிச்சு எனக்குப் படிச்சுக் காட்டு. அதுவரைக்கும் யாருக்கும் ஒத்த ரூபா குடுத்துராத."

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நான்கு கட்டம் போட்டேன். தேதி, மணி, அப்போது என்ன வேலை செய்துகொண்டிருந்தேன், எப்படி நின்றது. இதில் நான்காவது கட்டம்தான் முக்கியம். நாம் எல்லாவற்றுக்கும் 'ஹேங் ஆயிருச்சு' என்று ஒரே வார்த்தையாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில், திரையில் படம் அப்படியே நின்று எதுவும் அசையாமல் போவது ஒன்று. கண்ணிமைக்கும் நேரத்தில் கறுப்பாகி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது வேறொன்று. நீலத் திரை வந்து ஏதோ ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுவது இன்னொன்று. உள்ளே விசிறி ஓடியும் திரையில் ஒன்றுமே வராமல் இருப்பது இன்னும் ஒரு வகை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னால் டாக்டர் என்ன செய்வார்? காய்ச்சலா, வாந்தியா, எத்தனை மணிக்கு என்று சொன்னால்தானே மருந்து எழுத முடியும்?

இப்படி நோட்டில் எழுதும் பழக்கம் கம்ப்யூட்டர் பிறந்த காலத்திலிருந்தே இருக்கிறதாம். 1947ம் வருஷம் செப்டம்பர் 9ம் தேதி, அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் செய்த 'மார்க் 2' என்ற பெரிய இயந்திரம் தகராறு செய்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு விட்டில்பூச்சி மாட்டிக்கொண்டு கிடந்தது. அதை எடுத்து அன்றைய குறிப்பேட்டிலேயே டேப் போட்டு ஒட்டி, மணியும் எழுதி வைத்தார்கள். அந்தக் குழுவில் இருந்த கிரேஸ் ஹாப்பர் என்ற பெண்மணி பிற்காலத்தில் இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிப் பிரபலமாக்கினார். பூச்சி ஒட்டிய அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூச்சிக்கே இவ்வளவு மரியாதை என்றால், நம் பால் கணக்கு நோட்டுக்கு என்ன குறைச்சல்?

பத்து நாளில் 17 முறை நின்றிருந்தது. நோட்டைப் படித்துக்கொண்டே வந்தபோது எனக்கே புரிந்துவிட்டது. உறைந்துபோனது 9 தடவை. அத்தனையும் மத்தியானம் 1 மணியிலிருந்து 4 மணிக்குள். அதுவும் போட்டு இருபது, முப்பது நிமிஷம் ஆன பிறகு. தானாக அணைந்து உயிர் வந்தது 5 தடவை. அதெல்லாம் காலை 8 மணி அல்லது ராத்திரி 8 மணியை ஒட்டி. நீலத் திரை 3 தடவை. அதற்கு நேரம் காலம் எதுவும் இல்லை. கடைக்காரர் 'போர்டு' என்று ஒரே பெயர் வைத்தாரே, அதில் மூன்று தனித்தனி வியாதி இருந்தது!

முதலில் மத்தியான வியாதி. கம்ப்யூட்டர் இருக்கும் அறை பட்டறையை ஒட்டினது. மேலே சிமெண்ட் அட்டைக் கூரை. சித்திரை வெயிலில் உள்ளே நுழைந்தாலே முகத்தில் அனல் அடிக்கும். தம்பி சொன்னபடி, கம்ப்யூட்டரைப் போட்டதும் கீபோர்டில் டெலீட் பட்டனைத் தட்டித் தட்டி 'பயாஸ்' என்ற பக்கத்துக்குப் போனோம். (சில போர்டுகளில் எஃப்2 பட்டன்.) அதில் பிராசசரின் சூடு எழுதியிருக்கும். எங்களுடையது 92 டிகிரி! ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே 92. பிராசசர் 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அதுவும் போதாவிட்டால் அணைந்துவிடும். சுற்றியுள்ள மற்ற பாகங்களும் சூட்டில் தடுமாறும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்சமிருக்கும் கரண்டையும் தீர்த்துவிட்டு, பக்கத்துத் தகட்டைக் கழற்றினோம். பிராசசர் மேல் ஒரு விசிறி. அதன் அடியில் வரிவரியாக அலுமினியத் தகடு. அந்தத் தகடே கண்ணுக்குத் தெரியவில்லை. பஞ்சு, சகோதரிகளே, பஞ்சு! மெத்தை மாதிரிப் படிந்து, அழுத்தி உட்கார்ந்திருந்தது. பல் குத்தும் குச்சியால் நெம்பி எடுத்தால், கார்த்திகைக்குத் திரி போடும் அளவுக்கு வந்தது. தறி ஓடும் ஊரில் காற்றிலேயே நூல் பிசிறு மிதக்கிறது. நம் மூக்கில் போவதுபோல அதன் மூக்கிலும் போகிறது. எங்கள் சாப்பாட்டுத் தட்டை மூடி வைக்கிறோம், தண்ணீர்க் குடத்துக்குத் துணி கட்டுகிறோம், இதற்கு மட்டும் கடையில் யாரும் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. விண்டோஸை மட்டும் துடைத்துப் போட்டு ரூ.800!

தறிக்குப் பஞ்சு ஊதும் சின்ன ப்ளோயரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து ஊதினோம். ஊதும்போது விசிறி சுழலாதபடி ஒரு குச்சியால் தடுத்துப் பிடிக்க வேண்டும் என்று தம்பி கண்டிப்பாகச் சொன்னான். தாறுமாறாகச் சுழன்றால் விசிறிக்கும் கெடுதல், போர்டுக்கும் கெடுதல். ஈரத்துணி பக்கத்திலேயே வரக்கூடாது. பிராசசருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு பசை இருக்கிறது. சூட்டை மேலே கடத்துவது அதுதான். அது காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. புதுப்பசை ஒரு சின்ன டியூப் ரூ.150. பட்டாணி அளவு வைத்தால் போதும். நிறைய அப்பினால் நல்லது என்று நினைக்கக்கூடாது.

மறுபடி பயாஸில் பார்த்தோம். 51 டிகிரி. அன்றைக்கு மத்தியானம் 2 மணியிலிருந்து 5 மணி வரை நிறுத்தாமல் கணக்கு போட்டேன். ஒரு தடவைகூட உறையவில்லை. என் பையன், "அம்மா, பாஸ்!" என்று கத்தினான்.

அடுத்தது 8 மணி வியாதி. இதற்கு விடை எங்கள் ஊர்க்காரர் யாருக்கும் சொல்லாமலே தெரியும். காலை 8, ராத்திரி 8 என்பது ஷிப்ட் மாறும் நேரம். நிறுத்தின தறிகளை ஒரே சமயத்தில் ஓட்டிவிடுவார்கள். மோட்டார் கிளம்பும் அந்த நொடியில், ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்து, ஆறு மடங்கு கரண்டை இழுக்கும். வீட்டில் லைட் ஒரு தடவை மங்கி எரியும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் அந்த நொடி எவ்வளவு வருமோ! டியூப்லைட் தாங்கிக்கொள்கிறது, கம்ப்யூட்டர் தாங்காது. உங்கள் ஊரில் தறி இல்லாவிட்டால் என்ன, வீட்டிலேயே போர் மோட்டாரும் கிரைண்டரும் இருக்கிறதே. அது ஓட ஆரம்பிக்கும்போது இது அணைகிறதா என்று பாருங்கள்.

"அதுக்குத்தானே யு.பி.எஸ். இருக்குது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. யு.பி.எஸ். உயிரோடு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எல்லாவற்றையும் சேவ் செய்து மூடிவிட்டு, கம்ப்யூட்டர் ஓடும்போதே சுவரில் யு.பி.எஸ். ஸ்விட்சை அணைக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஐந்து, பத்து நிமிஷமாவது ஓட வேண்டும். எங்களுடையது அந்த நொடியே பொட்டென்று அணைந்தது. உள்ளே பாட்டரி செத்துப்போய், பச்சை லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. வீட்டு யு.பி.எஸ்.ஸில் இருப்பது 12 வோல்ட் சின்ன பாட்டரி. சாதாரணமாக இரண்டு, மூன்று வருஷம்தான் அதன் ஆயுசு. 2012ல் கோவைப் பக்கம் ராப்பகலாகக் கரண்ட் போனபோது வீட்டுக்கு வீடு இதை வாங்கி வைத்தோம். பாட்டரியை மாற்றணும் என்று விற்றவர்கள் யாரும் சொல்லவில்லை. பழசைக் கொடுத்துப் புதுசு வாங்க ரூ.1,100 ஆச்சு.

இதே சாக்கில் இன்னொன்றும் தெரிந்தது. வெறுங்காலோடு கம்ப்யூட்டர் டப்பாவைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இழுக்கும். நான் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்று ஓட்டைப் பிளக்பாயிண்டில் பெரிய ஓட்டைக்குப் பின்னால் எர்த் வயரே கொடுக்கப்படவில்லை! வீடு கட்டின நாளிலிருந்து அப்படித்தானாம். வெளியே எர்த் குழியும் காய்ந்து கிடந்தது. வயர் இழுத்து, குழிக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு அந்தச் சுருசுருப்பு நின்றது. கம்ப்யூட்டர் கிடக்கட்டும், பிள்ளைகள் தொடும் பொருள். உங்கள் வீட்டில் அப்படி இழுத்தால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள். இதை நாமே செய்ய வேண்டாம். அதேபோல எஸ்.எம்.பி.எஸ். என்ற அந்த இரும்புப் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக்கூடாது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும்.

மிச்சம் இருந்தது நீலத் திரை. நீலத் திரை என்றதும் பயந்துவிடாதீர்கள். 1998ல் சிகாகோவில் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, விண்டோஸ் 98ஐ ஊருக்குக் காட்டும்போதே வந்த ஆள் அது. எல்லா நீலமும் நம் பெட்டியின் குற்றமாகவும் இருக்காது. 2024 ஜூலை 19ம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு கம்பெனி அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் உலகம் பூரா சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலமாகிவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

நீலத் திரையில் கடைசி வரியில் ஒரு பெயர் இருக்கும். செல்போனில் போட்டோ எடுத்து வையுங்கள். எங்களுக்கு வந்த மூன்று தடவையும் மூன்று வேறு வேறு பெயர். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் ஏதோ ஒரு புரோகிராம் அல்லது டிரைவர் மேல் சந்தேகப்படலாம். மாறி மாறி வந்தால் முதலில் ராமைப் பார்க்க வேண்டும் என்றான் தம்பி. போட்டோ எடுக்கத் தவறினாலும் விண்டோஸே ஒரு நோட்டு வைத்திருக்கிறது. ஸ்டார்ட் பக்கத்தில் ஆங்கிலத்தில் 'ரிலையபிலிட்டி' என்று டைப் செய்தால், காலண்டர் மாதிரி ஒரு பக்கம் வரும். நின்ற நாளிலெல்லாம் சிவப்புப் பெருக்கல் குறி. என் பால் நோட்டோடு ஒத்துப் பார்த்தேன், அந்த 3 நாளும் சரியாக இருந்தது!

எங்களிடம் ராம் இரண்டு பட்டை. கழற்றி, அடியில் இருக்கும் பொன்னிறப் பல்வரிசையை பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்ட வேண்டும். பல்வரிசையில் விரல் படக்கூடாது. பாதிப்பேர் வீட்டில் இதோடு சரியாகிவிடுமாம். எங்களுக்கு ஆகவில்லை. ஒரு பட்டையை மட்டும் மாட்டி இரண்டு நாள், மற்றதை மட்டும் மாட்டி இரண்டு நாள் என்று ஓட்டினோம். விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் சோதனையையும் ராத்திரி ஓடவிட்டுப் படுத்தோம். இரண்டாவது பட்டைதான் திருடன். தம்பி பழைய பில்லைப் பத்திரமாக வைத்திருந்தான். வாரண்டி பாக்கி இருந்ததால் காசில்லாமலேயே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ராம் கம்பெனிகள் நீண்ட வருஷ வாரண்டி தருவது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. பில் போட்டோவைப் போனிலும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், கடைச் சீட்டு மை ஒரே வருஷத்தில் மங்கிப்போகும்.

ஆக மொத்தம் ரூ.1,250. எலக்ட்ரீசியன் கூலி தனி. பதினாலாயிரம் கேட்ட போர்டு அதே டப்பாவில் இன்றைக்கும் ஓடுகிறது.

போர்டு கெட்டே போகாது என்று நான் சொல்லவில்லை. 2000ஐ ஒட்டின வருஷங்களில் வந்த ஏராளமான போர்டுகளில், குட்டி டிரம் மாதிரி நிற்கும் கெபாசிட்டர்கள் மோசமான திரவத்தால் உப்பி வெடித்தன. டெல் கம்பெனி அதற்காகவே 2005ல் 30 கோடி டாலர் ஒதுக்கியது. உங்களிடம் யாராவது 'போர்டு போச்சு' என்றால், "எது உப்பியிருக்கு, காட்டுங்க" என்று கேளுங்கள். அதன் தலை தட்டையாக இருக்க வேண்டும், பூரி மாதிரி எழும்பியிருந்தால் அவர் சொல்வது உண்மை. இன்னொரு பேச்சும் இப்போது அடிபடுகிறது: 2025 அக்டோபர் 14ம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டதால் பழைய பெட்டிகள் நிற்கின்றன என்று. அதனால் பாதுகாப்பு குறையும், பேங்க் வேலைக்கு அது உகந்ததில்லை, உண்மைதான். ஆனால் மத்தியானம் மட்டும் நிற்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒரே ஒரு விஷயத்தில் நோட்டு போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். ஹார்ட் டிஸ்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தாலோ, ஒரு ஃபைலைத் திறக்க நிமிஷக்கணக்கில் ஆனாலோ, முதல் வேலையாகப் பிள்ளைகளின் போட்டோக்களையும் கணக்குகளையும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். மற்ற ஆராய்ச்சி எல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது மாதத்துக்கு ஒரு தடவை, அமாவாசையன்று வீடு கழுவும்போது இதற்கும் பஞ்சு ஊதிவிடுகிறேன். அப்படியும் பிசிறு போவதால், டப்பாவின் முன்பக்க விசிறி ஓட்டையில் பழைய கொசுவலைத் துணியை இரட்டையாக மடித்துக் கட்டிப் பார்த்தேன். பஞ்சு நன்றாக நிற்கிறது. ஆனால் பயாஸில் சூடு 51லிருந்து 55 ஆகிவிட்டது. ஒற்றை மடிப்பாக்கினால் 53. திருப்பூர், பல்லடம், கண்ணம்பாளையம் பக்கம் தறியோ பனியன் கம்பெனியோ ஒட்டின வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சகோதரிகள், இதற்கு எந்தத் துணி கட்டுகிறீர்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும்.

— ஒரு வாசகி, சோமனூர்.